அதுவும் பிடிக்கும்

தீர்மானம் செய்யத் தெரியாதவர்கள் உலகத்தில் ஏராளம். அவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. துணிக்கடையில் இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்று, கடைசியில் ஒன்றும் வாங்காமல் வீடு திரும்பி, நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறோர் இனம். இந்த இனத்துக்குத் தீர்மானம் செய்யத் தெரியும். பிரமாதமாகத் தெரியும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, விளக்கு வைத்த பிறகு ஒன்று என்று செய்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றும் முடிவான முடிவு. உயிருள்ளவரை மாறாத முடிவு. புதியதைச் செய்யும்போது பழையதை ரத்து செய்ய மட்டும் மறந்துவிடும், அவ்வளவுதான் கோளாறு.

இவர்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்று கேட்கிறீர்களா? சுலபம். "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்களும் நானும் என்றால் வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர்களுக்கு அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் கண் விரியும். மூச்சை ஒரு முறை ஆழமாக இழுத்துக்கொள்வார்கள். பிறகு ஆரம்பிப்பார்கள். நீங்கள் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தால் அந்த பஸ் போய்விடும், அடுத்ததும் போய்விடும். "அது ரொம்பப் பிடிக்கும்... ஆனா இது இருக்கே, இதுவும்... ஐயோ, முக்கியமானதையே விட்டுட்டேனே, அதுவும்!"

இந்த இனத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அவளுடைய அக்காவே சூட்டிய பெயர்தான் 'அதுவும்'. வீட்டில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அப்பா கடைவீதியில் சின்னதாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அம்மா பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, வலிக்கிற வாய்களிடம் சிரித்துப் பேசும் வேலை பார்த்தாள். அக்கா கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தல் படிக்கும்போதே "நான் கணக்குதான் பாப்பேன்" என்று சொன்னவள், அப்படியே வளர்ந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான். ஒன்று நேர்கோடு, மற்றொன்று கிறுக்கல்.

அதுவும் பள்ளியில் படித்த காலத்தில் அந்த வீடு பட்ட பாட்டைக் கேளுங்கள். பூச்சிகள் மேல் ஆசை வந்த மாதத்தில், ஃபிரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வண்டுகள் குளிர்காய்ந்தன, அல்லது குளிரில் விறைத்தன. கட்டடக் கலை மேல் ஆசை வந்தபோது வீட்டை மூலை மூலையாக அளந்துவிட்டு, "அப்பா, இந்தச் சுவர் தேவையே இல்ல. எடுத்துட்டா நல்லா காத்து வரும்" என்றாள். "எடுக்கலாம்மா. ஆனா அது பக்கத்து வீட்டுக்காரரோட சுவர்" என்றார் அப்பா. சட்டம் பிடித்த மாதம்தான் எல்லாவற்றிலும் கொடுமை. காலைச் சாப்பாட்டு மேஜையில் அம்மா குறுக்கு விசாரணை செய்யப்பட்டாள். "நேத்து நீங்க வெளிய போனப்ப குடையை எங்க வெச்சீங்க? ஆமா, இல்லைன்னு மட்டும் பதில் சொன்னா போதும்."

ஆனால் ஒன்று. ஊர் இந்த இனத்தைப் பற்றிப் பேசும்போது 'விளையாட்டுப் புத்தி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும். அது அபாண்டம். அதுவும் எதைத் தொட்டாலும் சோறு தண்ணீர் மறந்துதான் தொடுவாள். நூலகத்தில் அந்த விஷயத்தைப் பற்றி இருக்கிற தடிமனான புத்தகமாகப் பார்த்து எடுத்து வருவாள். முதல் மூன்று அத்தியாயங்களை வெறியோடு படிப்பாள். தெரிந்தவர்களை எல்லாம் நிறுத்திவைத்துப் பாடம் எடுப்பாள். எந்தப் புத்தகத்திலும் நாலாவது அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. அதற்குள் வேறு ஏதோ ஒரு புத்தகத்தின் முதல் அத்தியாயம் அவளைப் பார்த்துக் கண்ணடித்திருக்கும்.

இப்படிப்பட்டவள் கல்லூரிக்குப் போனாள்.

அந்தக் கல்லூரியில் முதல் வருடம் எல்லோருக்கும் பொது. எந்த வகுப்பில் வேண்டுமானாலும் உட்காரலாம், எதை வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். வருடக் கடைசியில் ஒரு துறையைத் தேர்ந்தெடுத்து அலுவலகத்தில் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு பட்டம் வாங்கும் வரை அதுதான். சொல்லாமல் விட்டால், எங்கே இடம் காலியோ அங்கே கல்லூரியே தள்ளிவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு இது ஓர் ஏற்பாடு. அதுவுக்கு முதல் வருடம் சொர்க்கம், கடைசி வாரம் நரகம்.

கல்லூரியில் மாணவர்களுக்கு வழிகாட்ட ஒரு அம்மையார் இருந்தார். ஒவ்வொரு துறையின் பெயரையும் வாசித்து, 'மிகவும் பிடிக்கும்' என்பதிலிருந்து 'பிடிக்கவே பிடிக்காது' வரை மதிப்பெண் போடச் சொல்வார். அதுவும் எல்லாவற்றுக்கும் மிகவும் பிடிக்கும் என்றாள். அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பிடிக்கவே பிடிக்காதுன்னு உலகத்துல ஒண்ணு கூடவாம்மா இல்ல?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு மேடம். ஒண்ணை மட்டும் எடுன்னு சொல்றது."

அம்மையார் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இந்த இனத்தின் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அது அவர்களுடைய முகத்தில் இருக்கிறது. பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரை, இவ்வளவு நாள் இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன் என்பது போல ஒரு முகம் பார்த்தால் அவர் என்ன ஆவார், சொல்லுங்கள்? வகுப்பு முடிந்து எல்லோரும் வாசலை நோக்கி ஓடும்போது, அதுவும் மட்டும் எதிர்த்திசையில் நடந்து மேஜையருகே போய், "சார், ஒரு சந்தேகம்" என்பாள். அந்த இரண்டு வார்த்தையில் விழாத வாத்தியார் கிடையாது.

நிலவியல் துறையில் ஒருவர் இருந்தார். மாணவர்கள் அவரைக் 'கல் வாத்தியார்' என்பார்கள். கோட்டுப் பையில் எப்போதும் கற்களைப் போட்டுக்கொண்டு திரிந்ததால் பைகள் இரண்டும் தொங்கிப்போய், ஆள் நடந்து வரும்போதே கடகடவென்று சத்தம் கேட்கும். சோடாபுட்டிக் கண்ணாடி. அவருடைய வகுப்புக்கு வருகிறவர்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் விழித்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம். அங்கே ஒரு நாள் அதுவும் ஒரு கூழாங்கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சார், ஆத்துல உருண்டு வந்த கல்லுன்னா எல்லாப் பக்கமும் வழவழன்னு இருக்கணும். இது ஒரு பக்கம் மட்டும் கூரா இருக்கே, ஏன்?"

கேள்வி தன்னிடம்தானா என்று கல் வாத்தியார் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவரிடம் யாராவது கேள்வி கேட்டு அவ்வளவு காலம் ஆகியிருந்தது. பிறகு, வழியில எங்கேயோ உடைஞ்சிருக்கு, உடைஞ்ச பிறகு அது அதிக தூரம் வரல என்று விளக்கினார். விளக்கி முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்க துறையில ஆளே சேர்றதில்லம்மா. இந்த வருஷமும் ஆள் குறைஞ்சா மூடிடுவாங்க. இந்த அறையை விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கக் கேட்டிருக்காங்க. நீ... சேருவியா?"

"சேராம இருப்பேனா சார்? எனக்கு இதைவிட வேற என்ன இருக்கு?"

பொய்யில்லை. சத்தியமான வார்த்தை. அந்த நேரத்தில் அவளுக்கு உலகத்தில் கல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. அன்று மத்தியானமே நாடக அரங்கில், நாடகத்துறைத் தலைவர் அவளுக்கு ராணி வேஷம் கொடுத்து, கையை உயர்த்தி, "நீதான் இந்தத் துறையின் எதிர்காலம்!" என்று முழங்கியபோது, "ஆமா சார்" என்றாளே, அதுவும் சத்தியமான வார்த்தை. மறுநாள் 'பூச்சியம்மா' என்று எல்லோரும் அழைக்கும் பூச்சியியல் பேராசிரியையின் கூண்டறையில், ஒரு வெட்டுக்கிளி தோலுரிப்பதைப் பார்த்துக் கண் கலங்கி, "மேடம், நான் இங்கயே இருந்துடறேன்" என்றது சத்தியத்திலும் சத்தியம். மூன்று இடத்திலும் அவளுடைய இடம் நிச்சயம். வீட்டில் அப்பாவிடம் பூச்சியைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தாள். அது கடைசியாக வந்த ஆசை.

பெயர் பதியக் கடைசி நாளுக்கு முன்னால், ஒரு சாயங்காலம், அப்பாவின் கடையில் அவள் கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கடகடவென்று ஒரு சத்தம் படியேறி வந்தது. அவள் எழுத்துப் பலகைப் பக்கம் ஒதுங்கினாள். கல் வாத்தியார்தான்.

"கண்ணு இன்னும் மங்கிடுச்சு சார். கல்லெல்லாம் ஒண்ணு மாதிரியே தெரியுது" என்றார் அவர் அப்பாவிடம். அப்பா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பழைய கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, சோதனைக்கான வெற்றுச் சட்டத்தை மூக்கில் மாட்டினார். எதிரே சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் பின்பக்கத்து எழுத்துப் பலகையின் பிம்பம். பலகைக்குப் பக்கத்தில், துணியும் கையுமாக அதுவும். மூக்குக்கண்ணாடி இல்லாத கல் வாத்தியாருக்கு அவள் வெறும் மங்கலான ஒரு நிழல். அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

அப்பாவுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வில்லை மாற்றும் பழக்கம். "காலேஜ்லயா இருக்கீங்க? என் சின்னப் பொண்ணும் அங்கதான்."

"அப்படியா? சந்தோஷம். எனக்கும் இந்த வருஷம் கொஞ்சம் நல்ல காலம் சார். துறையை மூடறதா இருந்தாங்க. இன்னும் ஒரே ஒருத்தர் சேர்ந்தா போதும்னு நின்னுது. ஒரு பொண்ணு வந்துட்டா. தங்கமான பொண்ணு. கேள்வி கேக்கறா சார்!"

"நல்லதாப் போச்சு. இப்ப எப்படி இருக்கு? முதல் எழுத்து தெரியுதா?"

"இன்னும் கலங்கலாத்தான் இருக்கு."

"என் பொண்ணு பூச்சியில சேர்றா. முடிவு பண்ணிட்டா. இந்த வில்லையைப் பாருங்க."

அந்த நேரம் பார்த்து நாடகத்துறைத் தலைவர் வந்து நின்றார். வந்து நின்றார் என்றா சொன்னேன்? பிரவேசித்தார். நாடகத்துக்கு வேண்டிய கண்ணாடியில்லாத வெற்றுச் சட்டங்களை வாங்கிப் போக வந்தவர், அதுவைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். அவருடைய குரல் கடைசி வரிசை வரை கேட்டுப் பழகிய குரல். கடையிலோ வரிசையே கிடையாது.

"ஆகா! நம்ம ராணி! சார், இது உங்க மகளா? கொடுத்து வெச்சவர் நீங்க. அடுத்த வருஷத்திலிருந்து உங்க மக எங்க துறை!"

அப்பா கையில் ஒரு வில்லையோடு அப்படியே நின்றார். "பூச்சி...?" என்றார்.

"பூச்சியா? எந்தப் பூச்சி?"

 அப்பாவின் கை பழக்க தோஷத்தில் அந்த வில்லையைச் சட்டத்தில் செருகியது. வாயும் பழக்க தோஷத்தில் கேட்டது. "இப்ப தெரியுதா சார்?"

"தெரியுது" என்றார் கல் வாத்தியார்.

அவர் எழுத்துப் பலகையைப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் அவர் கத்தியிருக்கலாம். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவர் சட்டத்தை மெல்லக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதுவும் முன்னால் வந்தாள். "சார், நான் பொய் சொல்லல. சத்தியமா சேரணும்னுதான்..."

"தெரியும்மா. பொய் சொல்லியிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு அப்பாவிடம், "இன்னொரு நாள் வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கடகட சத்தம் தெருமுனை வரை கேட்டது. நாடகத்துறைத் தலைவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. சட்டங்களை எண்ணி வாங்கிக்கொண்டு, வசனம் எதுவும் கிடைக்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாதாரணமாக வெளியேறினார்.

அப்பா வில்லைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினார். "எத்தனை பேர்கிட்டம்மா சொல்லி வெச்சிருக்கே?"

"தெரியலப்பா."

"தெரியலையா?"

"அப்போ அப்போ தோணினப்போ..."

அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மருத்துவமனையில் பேசுகிற அந்த இதமான குரலில், "கொஞ்சம் வலிக்கும். ஆனா சொல்லித்தான் ஆகணும். மூணு பேர்கிட்டயும் நாளைக்குப் போய் நேர்ல சொல்லு" என்றாள். அதுவும் அக்காவின் அறைக்குப் போய்க் கட்டிலில் தொப்பென்று விழுந்தாள். அக்கா சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கென்னக்கா! உனக்குக் கணக்கு பிடிச்சுது. ஒரே ஒண்ணு பிடிச்சுது. போய்ட்டே."

"எனக்கா? கணக்கா? யாருடி சொன்னா?"

"பின்ன?"

"எனக்குக் கணக்கே பிடிக்காது" என்றாள் அக்கா, சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டே. "உனக்கு வண்டு பிடிச்ச மாதிரியெல்லாம் எனக்கு எதுவுமே பிடிச்சதில்ல. ஆனா ஒரு இடத்துல தப்பு இருக்குன்னு தெரிஞ்சா எனக்குப் பாயில முள்ளு கிடக்கற மாதிரி இருக்கும். எடுத்துப் போட்டாத்தான் தூக்கம். அதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்க. நகரு, அந்தச் சட்டை மேல படுத்திருக்கே."

அதுவும் வாயைப் பிளந்தாள். இத்தனை வருடமாக ஒரே அறையில் இருந்தும் அக்காவிடம் இந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. உலகத்தில் எல்லாவற்றின் மேலும் ஆர்வம் உள்ளவர்கள் பக்கத்துக் கட்டிலை எப்படித் தவறவிடுகிறார்கள் என்பது தனி ஆராய்ச்சிக்கு உரிய விஷயம். அதையும் யாராவது முதன்மைப் பாடமாக எடுக்கலாம்.

மறுநாள் காலையில் மன்னிப்புப் பயணம் தொடங்கியது. வழியெல்லாம் அவள் வசனம் தயார் செய்துகொண்டு போனாள். தன்னுடைய சொல்லைக் கேட்டதும் மூன்று நெஞ்சங்கள் உடையப் போகின்றன, அதைத் தாங்கும் சக்தி தனக்கு வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். இதுவும் இந்த இனத்தின் லட்சணம்தான். குற்றம் செய்தாலும் அதில் தாங்களே கதாநாயகி.

பூச்சியம்மா கூண்டுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். அதுவும் கண்ணீர் மல்க, தான் சேரப்போவது நிச்சயமில்லை என்று சொல்லி முடித்தாள்.

"அப்படியா? சரி" என்றார் பூச்சியம்மா. "போறப்ப அந்தக் கதவை நல்லா சாத்திட்டுப் போ. நேத்து ரெண்டு வெளிய போயிடுச்சு."

அவ்வளவுதான். அவளுக்கு அழுகை நின்றுவிட்டது. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நாடகத்துறைத் தலைவர் அப்படியில்லை. நெஞ்சில் கை வைத்தார். தூணில் சாய்ந்தார். "போய் வா மகளே! இந்த மேடை உன்னை மறக்காது" என்றபோது அவருடைய கண்ணில் நிஜமாகவே நீர் திரண்டது. அதுவும் நெகிழ்ந்துபோய்ப் படி இறங்கும்போது, எதிரே வேறொரு பெண் ஏறிப் போனாள். மேலேயிருந்து அதே குரல் கேட்டது. "ஆகா! நம்ம ராணி!"

ஆக, வாக்குக் கொடுப்பவர்களில் மட்டும் இந்த இனம் இருப்பதாக நினைக்காதீர்கள். வாங்குபவர்களிலும் தாராளமாக உண்டு.

கடைசியாக நிலவியல் அறை. கதவு திறந்திருந்தது. மட்டையும் வலையும் பந்து மூட்டைகளுமாக விளையாட்டுச் சாமான்கள் அதற்குள்ளேயே வாசலில் வந்து காத்திருந்தன. உள்ளே கல் வாத்தியார் அலமாரித் தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து, கற்களைப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல்லையும் காகிதத்தில் சுற்றித்தான் வைத்தார். அவளைப் பார்த்ததும், "வந்தியா? அந்தப் பக்கம் பிடி, கனமா இருக்கு" என்றார்.

ஒரு தட்டை இரண்டு பேருமாகத் தூக்கி மேஜையில் வைத்தார்கள். அவள் தொடங்கினாள். "சார், நான் உங்ககிட்ட வந்து..." என்று ஆரம்பித்தவளின் கண் தட்டின் மேல் போனது. "...சொன்னது தப்புதான் சார், ஆனா... சார், இது சுண்ணாம்புக் கல் இல்லையே?"

"எது?"

"இது. பக்கத்துல இருக்கறதோட பேர்ச் சீட்டு மாறியிருக்கு."

அவர் குனிந்து, கல் மூக்கில் படும் அளவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஆமாம்மா. எனக்குத் தெரியல. போன தடவை வகுப்புல எடுத்துட்டுப் போனவங்க மாத்தி வெச்சிருப்பாங்க."

அவள் இரண்டு சீட்டையும் மாற்றி வைத்தாள். வைத்துவிட்டு மன்னிப்பை விட்ட இடத்திலிருந்து தொடர வாயைத் திறந்தாள். அடுத்த வரிசையிலும் ஒன்று மாறியிருந்தது. அதற்குக் கீழே ஒன்றில் சீட்டே இல்லை. "ஒரு நிமிஷம் சார்" என்றாள்.

அந்த ஒரு நிமிஷம் மத்தியானம் வரை போயிற்று. இதில் எந்த ரசமும் கிடையாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். கண் விரியவில்லை. மூச்சை உள்ளே இழுக்கவில்லை. தூசி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. முதுகு கழன்றது. ஒரே மாதிரியான சாம்பல் நிறக் கற்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, நகத்தால் கீறி, எடையைக் கையில் பார்த்து, சீட்டோடு ஒப்பிட்டு வைப்பது போல அலுப்பான வேலை அவள் அதுவரை செய்ததில்லை. நடுவில் சாப்பாட்டு மணி அடித்தது. போகலாம் என்று எழுந்து வாசல் வரை போனாள். மூன்றாவது தட்டில் ஒரு கல் சரியாக இல்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி வந்தாள். பாயில் முள் கிடந்தது.

அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. வண்டு டப்பா எத்தனை நாள் திறந்து கிடந்திருக்கிறது! ராணியின் வசனத்தில் எத்தனை வார்த்தையை முழுங்கியிருக்கிறாள்! அப்போதெல்லாம் ஒரு முள்ளும் குத்தவில்லை. பூச்சியம்மா கதவு மூடியிருக்கிறதா என்றுதான் கவலைப்பட்டார். அந்தக் கவலை தனக்கு ஒரு நாளும் வந்ததில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"சார்" என்றாள், தும்மிவிட்டு. "பெட்டியில போட்டதையெல்லாம் வெளிய எடுங்க. அதுலயும் மாறியிருக்கும்."

"எடுத்து என்ன பண்றதும்மா? நாளைக்கு அறையைக் காலி பண்ணணும்."

"எடுங்க சார். நான் அலுவலகம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."

கல் வாத்தியார் அவளையே பார்த்தார். நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? ஒரு தடவை நம்பிய சுகம் நேற்றுத்தான் தெரிந்தது. "இப்பவே சொல்ல வேணாம்மா" என்றார் மெதுவாக. "வீட்டுக்குப் போய் யோசி. உனக்கு நாளைக்கு வேற ஏதாவது பிடிக்கும்."

"நாளைக்குக் கண்டிப்பா வேற பிடிக்கும் சார். அதான் இன்னிக்கே போறேன்."

அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அவளைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "நிலவியலா? முடிவான முடிவா?"

"ஆமா சார்."

"போன வாரம் விசாரிக்க வந்தப்பவும் வேற ஒண்ணுக்கு ஆமான்னீங்க."

"அப்ப எனக்குப் பிடிச்சிருந்துது சார்."

"இப்ப?"

அவள் கையிலிருந்த தூசியைத் தட்டினாள். "இப்ப வேலை இருக்கு. சீக்கிரம் எழுதிக்கங்க."

துறை பிழைத்தது. விளையாட்டுச் சாமான்கள் வழிகாட்டும் அம்மையாரின் அறைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தன. கல் வாத்தியார் அடுத்த வாரம் வந்து புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். அப்பா அவரிடம் விலை குறைத்துச் சொன்னதும், அவர் "அதெல்லாம் கூடாது" என்று முழுசாகக் கொடுத்ததும், இரண்டு பேரும் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததும் அவள் பார்க்கவில்லை. கடைப்பக்கமே அன்று அவள் தலைகாட்டவில்லை.

இத்துடன் அவள் திருந்திவிட்டாள் என்று எழுதினால் கதைக்கு அழகாக இருக்கும். எழுத மாட்டேன். இரண்டாம் வருடத்தில் முதல்முறையாக ஒரு புத்தகத்தின் நாலாவது அத்தியாயத்துக்குள் நுழைந்தவள், படிகங்களின் கோணங்களில் மாட்டிக்கொண்டு அழுதாள். "நான் சட்டம் படிச்சிருக்கணும்" என்று அம்மாவிடம் புலம்பினாள். "கொஞ்சம் வலிக்கும்" என்றாள் அம்மா. அஞ்சாவது அத்தியாயம் நாலாவதைவிட மோசம். ஆனால் அங்கேயும் ஒரு தப்பு கண்ணில் பட்டால் அவளால் எழுந்து போக முடியவில்லை. அப்படியே முக்கி முனகிப் பட்டம் வாங்கினாள்.

இன்று அவள் பாலம் கட்டும் இடங்களில் மண்ணைத் துளைத்துச் சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். அவளோடு வேலை செய்வது லேசு இல்லை. துளைக்கருவி முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; இவள் அதை நிறுத்தச் சொல்வாள்; எல்லோரும் கல் தெரிந்துவிட்டது என்று ஓடி வந்தால், சேற்றிலிருந்து ஒரு வண்டை எடுத்துக் காட்டி அதன் குடும்ப வரலாற்றைச் சொல்வாள். இடைவேளையில் வேலையாட்களுக்கு ராணியின் வசனம் பேசிக் காட்டுவாள். ஒப்பந்தக்காரரைக் குறுக்கு விசாரணை செய்வாள். இப்போது புல்லாங்குழல் வேறு கற்றுக்கொள்கிறாளாம். ஊத ஆரம்பித்தால் கூடாரத்தில் யாரும் தங்குவதில்லை.

ஆனால் போன மழைக்காலத்தில் ஓர் ஆற்றங்கரையில் பெரிய இன்ஜினியர் ஒருவர், தூண் போட இடம் குறித்து, இயந்திரங்களையும் இறக்கிவிட்டு, ஒப்புக்கு அவளிடம் கேட்டார். அவள் எடுத்து வந்த மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பார்த்தாள். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

"இங்க போடாதீங்க சார்."

"எல்லாம் இறக்கியாச்சேம்மா. கொஞ்சம் ஆழமாப் போட்டா?"

"எவ்வளவு ஆழம் போட்டாலும் தாங்காது. அடியில வழுக்குது."

"வேற யாராவது ஒருத்தரை வெச்சுப் பாக்கலாமா? இன்னொரு அபிப்பிராயமும் இருந்தா..."

"நூறு பேரை வெச்சுப் பாருங்க. நான் கையெழுத்து போட மாட்டேன்."

இன்ஜினியர் முகம் சிவந்து போனார். இரண்டு நாள் யாரும் அவளோடு பேசவில்லை. அவளும் இரண்டு நாளும் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து புல்லாங்குழலை ஊதிக்கொண்டிருந்தாள், நகரவில்லை. மூன்றாம் நாள் ஆற்றில் தண்ணீர் ஏறி, குறித்த இடத்தில் கரை அப்படியே சரிந்து உள்ளே போயிற்று. தூண் இல்லை, ஆட்களும் இல்லை, இயந்திரங்கள் தள்ளி மேட்டில் நின்றன. போனது வெறும் மண். இன்ஜினியர் வந்து சரிந்த கரையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "எங்கம்மா போடலாம்?" என்று கேட்டார். அவள் ஒரே ஓர் இடத்தைக் கை நீட்டிக் காட்டினாள்.

நீங்கள் இதையெல்லாம் படித்துவிட்டு, நல்லவேளை நமக்கு இந்த வியாதி இல்லை என்று புன்னகை செய்கிறீர்கள். சரி. கற்களைப் பற்றி எளிமையாக எழுதிய நல்ல புத்தகம் எங்கே கிடைக்கும் என்று யாரையாவது கேட்கலாமா என்று இப்போது உங்களுக்கு ஒரு யோசனை ஓடுகிறதே, அதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். போன மாதம் ஆசை ஆசையாக வாங்கி வந்தீர்களே ஒன்று, அதன் உறையையே நீங்கள் இன்னும் பிரிக்கவில்லை.